பூஜ்ஜியத்தை என்ன செய்வார்கள்? கோட்டிங்கன், ஜெனிவா, வாஷிங்டன்: ஓர் ஒப்பீடு

அக்கா மகள் சென்னையில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம். "சித்தி, சர்வதேசப் பொருளாதாரத்துல முதுகலை பண்ணணும். ஆனா கணக்கும் டேட்டாவும் கனமா இருக்கணும்" என்றாள். கையில் ஒரு தரவரிசைப் பட்டியல் வைத்திருந்தாள். அதை முதலில் மூடி வைக்கச் சொன்னேன். 'சர்வதேசப் பொருளாதாரம்' என்ற ஒரே பலகையின் கீழ் இரண்டு வேறு கடைகள் நடக்கின்றன. ஒன்றில் கொள்கை, பேச்சுவார்த்தை, அறிக்கை எழுதுதல். இன்னொன்றில் எக்கனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் கொண்டு அளந்து பார்ப்பது. விளம்பரப் பக்கத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பிரித்தறிய நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: பூஜ்ஜியத்தை என்ன செய்கிறார்கள்?

இரண்டு நாடுகளுக்கு இடையே நடக்கும் வணிகம், அவற்றின் பொருளாதாரம் பெரிதாக இருந்தால் கூடும், தூரம் அதிகமானால் குறையும். 1962-இல் பொருளாதார அறிஞர் யான் டின்பர்கன் முன்வைத்த ஈர்ப்பு மாதிரி இதுதான். இருபக்கமும் மடக்கை (லாகரிதம்) எடுத்து, தரவுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிக்கும் மீச்சிறு வர்க்க முறையில் ஓட்டுவது நெடுநாள் வழக்கம். ஆனால் எத்தனையோ நாட்டு ஜோடிகளுக்கு இடையே வணிகமே கிடையாது. பூஜ்ஜியத்துக்கு மடக்கை எடுக்க முடியாது. அந்த வரிகளைத் தூக்கிப் போட்டால் விடை கோணிவிடும். பூஜ்ஜியம் இல்லாத வரிகளிலும், பிழையின் பரவல் சீராக இல்லாதபோது மடக்கை எடுத்தாலே மதிப்பீடு தவறக்கூடும். 2006-இல் சாண்டோஸ் சில்வா, டென்ரெய்ரோ என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், மடக்கையைத் தொடாமல், பூஜ்ஜியத்தையும் அப்படியே ஏற்கும் பாய்சான் என்ற புள்ளியியல் முறையில் மதிப்பிடும் வழியைக் காட்டினார்கள். இன்று வணிகக் கொள்கை ஆய்வில் அது சாதாரண நடைமுறை. ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தில் இது இருக்கிறதா, மாணவர்கள் கையாலேயே நிரல் எழுதி ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அது இரண்டாவது வகைக் கடை.

இந்தியாவிலேயே படிக்க நல்ல இடங்கள் உண்டு. டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் ஜகதீஷ் பகவதியும், அவருக்குப் பின் மன்மோகன் சிங்கும் சர்வதேச வணிகப் பேராசிரியர்களாக இருந்தவர்கள். சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் இருக்கிறது. அவள் கேட்டது வெளிநாடு என்பதால் இவற்றை இதோடு விடுகிறேன்.

முதலில் ஜெர்மனி. கோட்டிங்கனிலும் டூபிங்கனிலும் சர்வதேசப் பொருளாதாரத்தில் ஆங்கில வழி முதுகலை உண்டு, இரண்டுமே நான்கு செமஸ்டர். கோட்டிங்கன் இருக்கும் மாநிலத்தில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். டூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நான்குக்கு 6,000. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பலரை மூச்சுத் திணற வைப்பது பிளாக்டு அக்கவுன்ட்தான்: விசாவுக்கு முன்பே ஓர் ஆண்டுக்கான 11,904 யூரோவைப் போட்டுக் காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 12 லட்சம். மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும் பணம்தான், ஆனால் முதலில் கையில் இருக்க வேண்டுமே! அப்புறம், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது இல்லாமல் விசா இல்லை. ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. பேராசிரியருக்குத் தரவு துப்புரவு செய்து கொடுக்கும் 'ஹிவி' வேலை கிடைத்தால், சம்பளத்தோடு படிப்பும் நடக்கும். முடித்தபின் வேலை தேட 18 மாதம்.

கோட்டிங்கன் மீது எனக்கு ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. மீச்சிறு வர்க்க முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கணித மேதை காஸ் 1807-இலிருந்து அங்கே பேராசிரியர், அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டவர். யூரோ வருவதற்கு முந்தைய பத்து மார்க் நோட்டில் அவர் படமும் மணி வடிவ வளைகோடும் இருந்தன. இதற்காக ஒருவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாதுதான்.

ஜெனிவா கிராஜுவேட் இன்ஸ்டிட்யூட் வேறு மாதிரி. 1927-இல் வில்லியம் ரப்பார்டும் பால் மான்டூவும் தொடங்கியது. உலக வணிக அமைப்பு இன்று இயங்கும் கட்டடத்துக்கே ரப்பார்டின் பெயர்தான். வணிகப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் பால்ட்வின் நெடுங்காலம் பாடம் நடத்திய இடம். இரண்டு ஆண்டு முதுகலையில் கணக்கு கனமாகவே இருக்கும், முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் மூன்றில் இதுவே முதலிடம். வகுப்பில் ஈர்ப்பு மாதிரி ஓட்டிவிட்டு, உலக வணிக அமைப்பில் அதே மாதிரியை வேலையாகவே செய்பவர்களை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம். கட்டணம் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, ஆனால் ஜெனிவாவில் ஓர் அறை பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். உதவித்தொகையைச் சேர்க்கை விண்ணப்பத்தோடேயே கேட்க வேண்டும். இன்னொன்று: ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் அதற்குள்தான் வருகிறது. படிப்பு முடிந்ததும் வேலை தேட ஆறே மாதம்.

வாஷிங்டனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுப் பள்ளியான சைஸ் (SAIS). 1943-இல் தொடங்கிய பள்ளி, 2023-இல் பென்சில்வேனியா அவென்யூவில் பழைய செய்தி அருங்காட்சியகக் கட்டடத்துக்குக் குடிபோனது. அதன் சர்வதேசப் பொருளாதார, நிதிப் படிப்பு 11 மாதம்தான். உலக வங்கியும் ஐ.எம்.எஃப்.பும் அதே ஊர், வேகமாக வேலைக்குப் போக வேண்டும் என்பவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் இந்த மூன்றில் வீட்டை அடமானம் வைக்கச் சொல்வது இது ஒன்றுதான்: கல்விக் கட்டணம் மட்டுமே 60,000 டாலரைத் தாண்டும்.

அமெரிக்கா போகிறவர்கள் பாடத்தின் பெயரைவிட அதன் எண்ணைப் பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு வகைப்பாட்டு எண் உண்டு. 45.0605 என்றால் சர்வதேசப் பொருளாதாரம், 45.0603 என்றால் எக்கனாமெட்ரிக்ஸும் அளவுசார் பொருளாதாரமும். இரண்டாவதுதான் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறது. முதலாவதுக்குப் படிப்புக்குப் பின் 12 மாதம் வேலை அனுமதி, இரண்டாவதுக்கு அதற்கு மேல் இன்னும் 24 மாதம். பாடம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம், எண் மாறினால் இரண்டு வருடச் சம்பளம் மாறும். பல பொருளாதாரத் துறைகள் தங்கள் பட்டங்களை 45.0603-க்கு மாற்றிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த அமெரிக்கக் கல்லூரியானாலும் முன்பணம் கட்டும் முன் இந்த எண்ணை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கடன் இல்லாமல் சைஸ் கிடைத்தால் நானே அவளை வழியனுப்புவேன். கடனோடு என்றால் வேண்டாம் என்றேன். கோட்டிங்கனுக்கும் டூபிங்கனுக்கும் விண்ணப்பிக்கிறாள், உதவித்தொகை கேட்டு ஜெனிவாவுக்கும் ஒன்று. ஜெர்மன்காரர்கள் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. பொருளாதாரத்தில் எத்தனை கிரெடிட், கணக்கிலும் புள்ளியியலிலும் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள். பி.காம் முடித்தவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். அவளுடைய மதிப்பெண் பட்டியலில் 'புள்ளியியல் முறைகள் 2' என்று மட்டும் இருக்கிறது. அதற்குள் ரிக்ரஷன் (ஒரு அளவு இன்னொன்றோடு எப்படி மாறுகிறது என்று கணக்கிடுவது) இருந்தது என்பதை யார் சொல்வது? பாடத்திட்டத்தைப் பாடவாரியாக மணிக்கணக்கோடு அச்செடுத்து, கல்லூரி முத்திரை வாங்க திங்கட்கிழமை போகிறாள்.