அரை ஆர்க்கா, டீஃப்ளிங்கா?

டைஸ் உருட்டி, கதாபாத்திரமாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு வந்து, மனிதனும் எல்ஃபும் வேண்டாம், கோரமான உருவம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2014 விதிகளில் நல்ல தேர்வுகள் இரண்டு: டீஃப்ளிங், அரை ஆர்க். கும்பகோணத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் இவற்றுக்குள்தான் போட்டி.

டீஃப்ளிங்குக்குக் கொம்பு, வால், நரகத்து ரத்தம். நெருப்புக் காயம் பாதிதான். கவர்ச்சி 2 கூடுவதால், மாயசக்தியோடு ஒப்பந்தம் போட்ட மந்திரவாதியான வார்லாக்குக்குக் கச்சிதம். எந்தத் தலைமுறையோ நரகத்தோடு செய்த ஒப்பந்தத்துக்காக ஊரே சந்தேகமாகப் பார்க்கும். பேசியே சமாளிக்கப் பிடித்தவர்களுக்கு அது நல்ல தீனி.

மனிதனும் கோரைப்பல் ஆர்க்கும் கலந்த அரை ஆர்க்கின் ருசி வேறு. வலிமை 2, உடலுறுதி 1 கூடும். உயிர்ப்புள்ளி பூஜ்யமாகும் நேரத்தில் 1-ல் நின்றுகொள்ளலாம், நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை. ஒரு குகைச் சண்டையில் கூட்டாளிகள் எல்லாரும் சாய்ந்துவிட, தம்பி ஒருவனின் அரை ஆர்க் அந்த ஒற்றைப் புள்ளியோடு வாசலை மறித்து நின்றது. டைஸை உருட்டும்போது அவன் கை நடுங்கியது. விழுந்தது இருபது, இருபது முக டைஸின் உச்சம்! அப்போது காய டைஸ் இரட்டிப்பாகும்: பெருங்கோடரிக்கு இரண்டு பன்னிரண்டு முக டைஸ், அரை ஆர்க் என்பதால் கூடவே இன்னொன்று. அறையே அதிர்ந்தது.

கோரைப்பல் முகம் காவலுக்கும் நிற்கும் என்பது நமக்குப் புதிதா என்ன? தஞ்சைப் பெரிய கோயில் துவாரபாலகர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் புதிதாக வருபவர்களுக்கு என் சிபாரிசு அரை ஆர்க்தான்.

சரி, 2024 புத்தகத்தை வைத்து ஆடுகிறீர்களா? அதில் அரை ஆர்க் கிடையாது, முழு ஆர்க் உண்டு. தயங்காமல் எடுங்கள், 1-ல் நிற்கும் வரம் அதற்கும் இருக்கிறது.