ருயிஸ் 1985, பினாட்டுபோ 1991: சின்ன வெடிப்புல தான் சாவு அதிகம்

வெடிப்போட அளவ மட்டும் பாத்தா பிலிப்பைன்ஸோட பினாட்டுபோ எரிமலை முன்னாடி கொலம்பியாவோட நெவாடோ டெல் ருயிஸ் எரிமலை நிக்கவே முடியாது. ஆனா செத்தவங்க கணக்கு அப்படியே தலைகீழ்.

ருயிஸ் உச்சி பூரா பனி. 1985 நவம்பர் 13 ராத்திரி 9 மணிக்கு மேல வெடிச்சுது, அந்த சூட்டுல பனி உருகி சாம்பல், பாறை, மண்ணு எல்லாத்தையும் வாரிக்கிட்டு ஈர சிமெண்ட் மாதிரி ஆத்து வழியா இறங்குச்சு, அர்மேரோ ஊருக்கு வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு மணி நேரம்ங்க! மேட்டுப் பக்கம் நடந்தே தப்பிச்சிருக்கலாம். ஆபத்து மேப் ஒரு மாசம் முன்னாடியே ரெடி, சாயங்காலமே ஊர்ல சாம்பல் கொட்டுச்சு, அப்பவும் பயப்படாம வீட்டுலயே இருங்கன்னு தான் அதிகாரிங்க சொன்னாங்க. 20,000 பேருக்கு மேல போயிட்டாங்க. இத படிக்கறப்பல்லாம் வயிறு எரியுது.

பிலிப்பைன்ஸ் பினாட்டுபோ சுமார் 500 வருஷம் சும்மா கிடந்த மலை. 1991 ஜூன் 15ல வெடிச்சப்போ உலக வெப்பநிலையே அரை டிகிரி கிட்ட குறைஞ்சுது, வெயில மறைக்கற அளவுக்கு அவ்ளோ கந்தகம் வானத்துக்குப் போச்சு. ஆனா அங்க ஏப்ரல்ல இருந்தே விஞ்ஞானிங்க சீஸ்மோமீட்டர் (நில அதிர்வ அளக்கற கருவி) வச்சு கவனிச்சு, 1ல இருந்து 5 வரைக்கும் எச்சரிக்கை நிலை வச்சாங்க, எரிமலை என்ன பண்ணும்னு வீடியோ போட்டே காட்டுனாங்க, பல்லாயிரம் பேர முன்கூட்டியே வெளியேத்திட்டாங்க. அப்பவும் சில நூறு பேர் செத்தாங்க, அதே நாள் வந்த யுன்யா புயல் மழையில சாம்பல் ஊறி கனமாகி கூரை இடிஞ்சு விழுந்தது தான் முக்கிய காரணம்.