ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள்

என் காரில் ரேடியேட்டர் ஃபேன் நின்றுபோனதற்குக் காரணம் ரிலே (சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) சாக்கெட்டில் கருகிப்போன ஒரே ஒரு பின். அதைக் கண்டுபிடிக்காமலேயே ஒரு ஒர்க்‌ஷாப்காரர் புது ஃபேன் மோட்டார், புது டெம்பரேச்சர் சென்சார், புது ரேடியேட்டர் மூடி என்று வரிசையாக என் தலையில் கட்டினார். எதுவும் பலிக்காததால் கடைசியில் பேட்டரி கரண்டை ஃபேனுக்கு டைரக்டாக இழுத்துவிட்டு, "ரெடி சார், பக்காவா ஓடுது" என்று சாவியைக் கொடுத்தார். கடை பெயரைப் போடவில்லை. இந்த வித்தை அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை, அதனால் பெயரைவிட முறை தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம்.

கோளாறு என்னவென்றால், நல்ல வேகத்தில் போகும்போது டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நிற்கும். நெரிசலில் மாட்டினால் மெதுவாக ஏற ஆரம்பிக்கும், வண்டி நகர்ந்தால் தானாக இறங்கிவிடும். பாதி விடை இதிலேயே இருக்கிறது. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், நிற்கிற வண்டிக்குத்தான் ஃபேன் காற்றை இழுத்துக் கொடுக்க வேண்டும். ரேடியேட்டர் அடைப்போ தண்ணீர் பம்ப் கோளாறோ என்றால் வேகத்திலும் மேடு ஏறும்போதும்கூட சூடு ஏறும். பானெட்டைத் திறந்து பார்த்தேன், முள் மேலே ஏறிய பிறகும் ஃபேன் அசையவே இல்லை. கூலன்ட் அளவு சரியாக இருந்தது. இதையெல்லாம் வண்டியை விடும்போதே ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே ஃபேன் இறக்கையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "மோட்டார் போச்சு சார், இந்த மாடலுக்கு இது வழக்கம்தான்." அவ்வளவுதான் பரிசோதனை. டெஸ்ட் லாம்ப் (கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற சின்ன பல்பு) எடுக்கவில்லை, ஃபியூஸ் பெட்டி மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஏ.சி. போட்டால் ஓடுகிறதா என்று பார்த்தீர்களா என்றேன். "அது வேற லைன் சார், இது வேற."

வேறு இல்லை. பெரும்பாலான கார்களில் ஏ.சி.யைப் போட்டதும், சிலவற்றில் கொஞ்ச நேரம் கழித்து, இன்ஜின் சூடு எப்படி இருந்தாலும் ஃபேன் ஓட ஆரம்பிக்க வேண்டும். ஏ.சி.க்கு ஓடி, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், பார்க்க வேண்டியது சென்சார் பக்கம். ஏ.சி.க்கும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, வயரிங், எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), மோட்டார் இதில் ஏதோ ஒன்று. காசு செலவில்லாத சோதனை, உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம். என் வண்டியில் ஏ.சி.க்கும் ஓடவில்லை.

மோட்டார் மாற்றினார்கள், ஓடவில்லை. உடனே பழி சென்சார் மேல் விழுந்தது. பல கார்களில் டாஷ்போர்டு முள்ளுக்கும் ஈசியூவுக்கும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஒரே சென்சார்தான் தகவல் கொடுக்கிறது. முள் ஒழுங்காக ஏறி இறங்குகிறதே, அப்புறம் சென்சார் எப்படிப் போயிருக்கும் என்று கேட்டதற்கு பதிலே இல்லை, பில்லில் மட்டும் சென்சார் ஏறியிருந்தது. ரேடியேட்டர் மூடி எதற்கு மாற்றினார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மூடியின் வேலை அழுத்தத்தைப் பிடித்து வைத்து கூலன்டின் கொதிநிலையை உயர்த்துவது, அதற்கும் ஃபேன் சுற்றுவதற்கும் சம்பந்தம் கிடையாது.

அதற்கும் ஓடாததால் அடுத்த குண்டு: "ஈசியூவா இருக்கலாம் சார், இல்லன்னா ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினை இறக்கிப் பார்த்துடலாம்." ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு, அது போனால் ஃபேன் ஏன் நிற்க வேண்டும்? கேஸ்கெட் போனதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. வெளியே ஒழுகாமலேயே கூலன்ட் குறைந்துகொண்டே போகும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை விடாமல் வரும், ஆயில் பால் கலந்த மாதிரி ஆகும், ரேடியேட்டரில் குமிழி வந்துகொண்டே இருக்கும். சந்தேகமாக இருந்தால் நீல நிற திரவம் வைத்துச் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது, கூலன்டில் இன்ஜினுக்குள் எரிந்த வாயு கலந்திருந்தால் அந்தத் திரவம் மஞ்சளாக மாறும். அதைச் செய்து காட்டுங்கள், அப்புறம் இன்ஜினில் கை வைக்கலாம் என்றேன். பேச்சு அத்தோடு நின்றது. அதற்குப் பிறகுதான் "ரெடி" என்று போன் வந்தது.

வண்டியை எடுக்கப் போனபோது இன்ஜின் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை, ஃபேன் முழு வேகத்தில் அலறியது. சரி என்று பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் புதிதாக ஒரு சிவப்பு வயர், ஹெட்லைட் பல்புக்குப் போடுகிற பருமன்தான் இருக்கும். சாவி போட்டால் கரண்ட் வருகிற ஒரு தடித்த வயரின் உறையைப் பிளேடால் சீவி, அதன்மேல் இதன் செம்புக் கம்பியை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சால்டர் இல்லை, ரிலே இல்லை, நடுவில் ஃபியூஸும் இல்லை. கொஞ்ச நேரம் ஃபேன் ஓடிய பிறகு வயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடாகக் குழைந்து கிடந்தது.

ஃபேன் ஓடினால் போதாதா, எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு: ரேடியேட்டர் ஃபேன் சாதாரணமாக 10 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும், ஸ்டார்ட் ஆகிற நொடியில் இன்னும் அதிகம். அதனால்தான் கம்பெனி அதற்கு 30 அல்லது 40 ஆம்பியர் ஃபியூஸும் தடித்த வயரும் தனி ரிலேயும் கொடுக்கிறது. ஃபியூஸ் இல்லாத மெல்லிய வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் அறுந்துபோக எதுவும் இல்லை, வயரே எரிய வேண்டியதுதான். இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்லி விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

அங்கிருந்து நேராக ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் முதல் வேலையாக அந்தச் சிவப்பு வயரைக் கழற்றி எறிந்தார். ஏ.சி.யைப் போடச் சொல்லி ஃபேன் கப்ளரை (வயரை ஃபேனோடு இணைக்கும் பிளக்) கழற்றி டெஸ்ட் லாம்பை வைத்தார், எரியவில்லை. ஆக ஃபேனுக்குக் கரண்டே வரவில்லை, மோட்டாரைக் குறை சொல்ல வழியே இல்லை. பெரிய ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ரிலே மேல் விரலை வைத்துக்கொண்டு ஏ.சி.யை அணைத்துப் போடச் சொன்னார். போடும்போதெல்லாம் 'டிக்' என்று தட்டியது. அதாவது ஈசியூ உத்தரவு கொடுக்கிறது, ரிலேயும் கேட்கிறது, ஆனால் கரண்ட் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. ரிலேயில் 85, 86 என்று எண் போட்ட இரண்டு கால்கள் உள்ளே இருக்கும் காயிலுக்கு, 30, 87 என்ற இரண்டும் ஃபேனுக்குப் போகிற பெரிய கரண்டுக்கு. ஹாரனுக்கு இருந்த அதே நம்பர் ரிலேயை மாற்றிப் போட்டும் ஓடாததால் சாக்கெட் பக்கம் போனார்.

ரிலேயைப் பிடுங்கி டார்ச் அடித்துக் காட்டினார். 87-ம் கால் உட்கார்கிற ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. உள்ளே இருக்கும் செம்பு நாக்கு பிடிப்பு விட்டு அகன்று, கருப்பு ஏறியிருந்தது. ரிலேயின் காலிலும் நீலம் பாய்ந்திருந்தது. பிடிப்பு தளர்ந்த இடத்தில் 0.1 ஓம் தடை வந்தால்கூட 25 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சின்னப் புள்ளியில் 62 வாட் சூடு. ஓடுகிற கரண்ட் கூடுவதில்லை என்பதால் ஃபியூஸ் போகாது, சாக்கெட்தான் கொஞ்சம் கொஞ்சமாக வேகும். ஃபியூஸ் பெட்டி மூடியைத் திறந்து ரிலேயை ஒருமுறை பிடுங்கியிருந்தால் அந்த ஒர்க்‌ஷாப்காரர் கண்ணிலும் இது பட்டிருக்கும்.

பழைய மோட்டாரை நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்றுதான் முதலில் சொன்னார்கள், அப்புறம் புது மோட்டார் வந்த அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. எலக்ட்ரீஷியன் அதைக் காலுக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேட்டரியிலிருந்து இரண்டு வயர் கொடுத்தார். சத்தமில்லாமல், ஆட்டமில்லாமல் சுற்றியது. (வேகக் கட்டுப்பாட்டு மாட்யூல் ஃபேனோடு சேர்ந்தே வருகிற புது மாடல் கார்களில் இப்படி நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள், மாட்யூல் போய்விடும்.)

சாக்கெட் டெர்மினலும் ரிலேயும் மாற்றியதும் ஃபேன் சரியாகிவிட்டது. ஈசியூ தகவலைப் படிக்கிற ஸ்கேனரில் பார்த்தபோது இன்னொரு கூத்து தெரிந்தது. 90 டிகிரி பக்கம் நிற்க வேண்டிய கூலன்ட், நல்ல சாலையில் ஓட்டினால் 65-க்கு மேல் ஏறவே இல்லை. தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) மூடியைச் சுற்றி புது சீலன்ட் பிதுங்கிக்கொண்டிருந்தது. கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. சூடு ஏறாமல் இருக்கட்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் உருவிவிட்டார்கள். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடினால் எரிபொருள் அதிகம் குடிக்கும், ஆயிலும் கெடும். பில்லில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

திரும்பிப் போய்க் கேட்டேன். "ஃபேன் ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார். உருகிய சாக்கெட்டைக் காட்டினேன், பழைய மோட்டார் ஓடுகிற வீடியோவையும் காட்டினேன். தெர்மோஸ்டாட்டை ஒரு டிரேயிலிருந்து எடுத்துக் கொடுத்தார், சென்சாருக்கு வாங்கிய பணத்தை முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார். மோட்டார் பணம் வரவில்லை. "எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ் ரிட்டர்ன் கிடையாது" என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பதைக் காட்டினார்.

ஃபேன் கோளாறு என்று வண்டியை விடும்போது மோட்டார் மாற்ற வேண்டும் என்றார்கள் என்றால், கப்ளரில் டெஸ்ட் லாம்ப் எரிகிறதா, எர்த் வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் இருந்தும் ஃபேன் சுற்றவில்லை என்றால்தான் மோட்டார். சென்சார் என்றால் அதன் கப்ளரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பல கார்களில் கழற்றியதும் ஈசியூ பயந்துபோய் ஃபேனை ஓடவிடும். ஓடினால் ரிலே, மோட்டார், வயரிங் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கழற்றிய பழைய பொருள் எல்லாம் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே, முடிந்தால் ஜாப் கார்டில் எழுதி வாங்கி, சொல்லிவிடுங்கள். வண்டியை எடுக்கும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், ஏ.சி. அணைந்திருக்க வேண்டும், சாவியை மட்டும் போடுங்கள். ஃபேன் அப்போதே ஓடினால் டைரக்ட் கொடுத்திருக்கிறார்களா என்று பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

ஏற்கெனவே டைரக்ட் வயரோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்த வயரை முனை முதல் முனை வரை தடவிப் பாருங்கள். நடுவில் ஃபியூஸ் இல்லை என்றால் அதைச் சரிசெய்கிற வரை வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். கையை ஃபேன் பக்கம் கொண்டு போகும் முன்பும் அதைக் கழற்றிவிடுங்கள், சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும்.