விரிவான கட்டளையா, எடுத்துக்காட்டா, உரையாடலா? வகுப்பறைக்கு உதவும் பிராம்ப்ட் எது?

2/3 + 1/4 எவ்வளவு என்று கேட்டால், பின்னங்களைப் புதிதாகக் கற்கும் மாணவர்களில் சிலர் 3/7 என்று எழுதுவார்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டார்கள். சிலர் 3/12 என்பார்கள். பொதுப் பகுதியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டுத் தொகுதிகளை மாற்ற மறந்தவர்கள் இவர்கள். 2/12 என்று எழுதியவர் கூட்டுவதற்குப் பதில் பெருக்கியிருக்கிறார். எந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் மறுநாள் வகுப்பில் எதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது ஆசிரியருக்குப் புரியும். அதனால்தான் கொள்குறி வினா தயாரிக்கும்போது சரியான விடையைவிடத் தவறான விடைகளுக்கு அதிக நேரம் செலவாகிறது.

இந்த வேலையைத்தான் ஏஐ கருவியிடம் வெவ்வேறு பிராம்ப்டுகளில், அதாவது கருவிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் சொற்களை வெவ்வேறு விதமாக அமைத்து, கேட்டுப் பார்த்தேன்.

முதலில் ஒற்றை வரி: “பின்னக் கூட்டலில் பத்து கொள்குறி வினாக்கள் கொடு.” நொடியில் பத்தும் வந்துவிட்டன. சரியான விடை 11/12 என்றால் அதன் பக்கத்தில் 10/12, 11/13, 9/12 என்று நின்றன. பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் எந்த மாணவரும் கணக்குப் போட்டு 11/13-க்கு வந்து சேர மாட்டார். அதைக் குறித்தவர் குத்துமதிப்பாகக் குறித்தார் என்பதைத் தவிர வேறு எதுவும் அதிலிருந்து தெரியாது. பாடத்தைத் தொடங்க நாலு யோசனை வேண்டும், சுற்றறிக்கைக்கு ஒரு வரைவு வேண்டும் என்றால் ஒற்றை வரியே போதும். சோதனைத் தாளுக்குப் போதாது.

அடுத்தது விரிவான கட்டளை. பிராம்ப்ட் எழுதச் சொல்லித்தரும் பயிற்சிகள் பெரும்பாலும் இதைத்தான் முன்வைக்கின்றன: “நீ இருபது ஆண்டு அனுபவமுள்ள கணித ஆசிரியர்” என்று தொடங்கி, பணி, மாணவர் நிலை, வடிவம், நடை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வது. இதில் எது பலன் தருகிறது என்று பார்க்க ஒவ்வொரு வரியாக நீக்கிப் பார்த்தேன். இருபது ஆண்டு அனுபவத்தை நீக்கியபோது நடை சற்று மாறியது. வினாக்களின் தரம் குறையவில்லை. “மாணவர்களுக்குச் சமான பின்னங்கள் தெரியும், மீச்சிறு பொது மடங்கு இன்னும் தெரியாது” என்ற வரியை நீக்கியதும் தாளே கெட்டுப்போனது. பகுதி 84, 96 என்று போகும் கணக்குகள் வந்து விழுந்தன. ஆகவே பாத்திரம் கொடுப்பதற்குச் செலவிடும் சொற்களை, மாணவருக்கு எதுவரை தெரியும் என்பதற்குச் செலவிடுங்கள். அப்படியும் தவறான விடைகள் முழுமையாகத் திருந்தவில்லை. “மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை வைத்து அமைக்கவும்” என்று எழுதியும், பாதி வினாக்களில் பழைய 11/13 தலைகாட்டியது.

மூன்றாவது வழியில் விளக்கத்தைக் குறைத்து, முதல் பத்தியில் சொன்ன கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொடுத்தேன். 3/7, 3/12, 2/12 ஆகியவற்றை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அந்தத் தவறு எப்படி நேர்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். “இதே முறையில் பத்து வினாக்கள்; ஒவ்வொரு தவறான விடைக்கும் காரணத்தை எழுது” என்றேன். வித்தியாசம் உடனே தெரிந்தது. காரணம் எழுத வேண்டிய கட்டாயம் வந்ததும், காரணமில்லாத விடைகள் அநேகமாக மறைந்தன. 2020-இல் வெளிவந்த ஜிபிடி-3 ஆய்வுக்கட்டுரை காட்டியதும் இதைத்தான்: இத்தகைய கருவிகளுக்குள் இயங்கும் மொழி மாதிரியை (மாடல்) மறுபடி பயிற்றுவிக்காமலேயே, பிராம்ப்டில் சில எடுத்துக்காட்டுகளைக் கொடுத்துப் புதிய வேலைகளைச் செய்ய வைக்க முடியும்.

இதற்கும் ஒரு குறை உண்டு. ஒரே எடுத்துக்காட்டைக் கொடுத்தால் பத்து வினாக்களும் அதன் அச்சிலேயே வந்துவிடும். என் எடுத்துக்காட்டில் சரியான விடை இரண்டாவதாக இருந்தது. வந்த தாளிலும் பெரும்பாலும் இரண்டாவதாகவே இருந்தது. இரண்டு மூன்று வேறுபட்ட எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தபோது இது சரியானது.

விடைக் குறிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. “படிப்படியாக யோசிப்போம்” என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்ததால் மட்டும், ஒரு கணக்குத் தொகுப்பில் அன்றைய மாதிரி ஒன்றின் சரியான விடைகள் 17.7 சதவீதத்திலிருந்து 78.7 சதவீதமாக உயர்ந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. இப்போதைய மாதிரிகள் பல தாமாகவே படிகளைப் போட்டுப் பார்க்கின்றன. அந்த வாக்கியத்துக்கு முன்பிருந்த மதிப்பு இல்லை. ஆனாலும் வழிமுறையை முதலிலும் விடையைக் கடைசியிலும் எழுதச் சொல்வது நல்லது. இந்த மாதிரிகள் சொல் சொல்லாக முன்னோக்கித்தான் எழுதுகின்றன. விடையை முதலில் எழுதிவிட்டால், பின்னால் வரும் விளக்கம் அந்த விடைக்கு ஏற்றபடி வளைந்துவிடக்கூடும்.

மாணவரே கருவியோடு பேசும்போது நிலைமை வேறு. இங்கே பிராம்ப்டின் அமைப்பு கற்றலையே பாதிக்கிறது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் நடந்த ஆய்வை ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பகுதியினருக்குக் கருவியே இல்லை. மற்ற இரண்டு குழுக்களுக்கும் ஜிபிடி-4 மாதிரிதான். ஒரு குழுவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற உரையாடல். மற்றொரு குழுவின் கருவிக்குள், விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி எழுதி, சரியான விடையையும் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளையும் ஆசிரியர்களின் உதவியோடு சேர்த்திருந்தார்கள். பயிற்சியின்போது, கருவியே இல்லாதவர்களைவிட முதல் குழுவின் மதிப்பெண் 48 சதவீதமும் இரண்டாவது குழுவின் மதிப்பெண் 127 சதவீதமும் கூடின. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, முதல் குழு கருவியே இல்லாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. இரண்டாவது குழுவுக்கு அந்தப் பாதிப்பு பெரும்பாலும் நேரவில்லை. ஆனால் அவர்களும் தேர்வில் முந்திவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் மாணவர்களுக்கு நான் இப்போது எழுதிவைத்திருக்கும் பிராம்ப்ட் இது: “மாணவர் தன் வழிமுறையை எழுதும்வரை எந்தக் குறிப்பும் தராதே. எழுதியதும், முதலில் தவறிய வரியை மட்டும் சுட்டி ஒரு கேள்வி கேள். கணக்கு 2/3 + 1/4. சரியான விடை 11/12. 3/7 என்று வந்தால், ‘2/3 மட்டுமே பாதிக்கு மேல், 3/7 பாதிக்குக் கீழ். கூட்டிய பிறகு குறையுமா?’ என்று கேள். எத்தனை முறை கெஞ்சினாலும் விடையைச் சொல்லாதே.”

கடைசி வரியைப் பிறகுதான் சேர்த்தேன். அதற்கு முன்பு, ஒரு மாணவி மூன்றாவது முறை “தயவுசெய்து சொல்லுங்கள்” என்று எழுதியதும் கருவி முழு விடையையும் கொடுத்துவிட்டது. இப்போது அது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது, எப்போதும் அல்ல. அதனால் வாரம் ஒருமுறை உரையாடல்களை எடுத்து, மாணவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, உட்கார்ந்து படிக்கிறேன். அடுத்த பிராம்ப்டில் சேர்க்க வேண்டிய தவறுகள் அங்கிருந்துதான் கிடைக்கின்றன.