சித்தப்பாவின் பீடியும் பெயர் தெரியாத சூரணமும்

கும்பகோணம் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, சித்தப்பா தலைமாட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினார். "புகையை மறக்கடிக்கும் மூலிகைச் சூரணம், பக்கவிளைவு இல்லை" என்று பச்சை எழுத்தில் இருந்தது. விலை 1,400 ரூபாய். என்னென்ன மூலிகை, எவ்வளவு எடை, யார் தயாரித்தது, உரிம எண் என்ன என்று எதுவுமே அச்சிடப்படவில்லை. சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் இவையெல்லாம் கட்டாயம் என்பது நம் நாட்டுச் சட்டம். வாங்கிய கடைக்கே போய்க் கேட்டேன். "அது கம்பெனி ரகசியம் சார், பதினஞ்சு நாள்ல பீடி வாடையே புடிக்காது" என்றார் கடைக்காரர். சித்தப்பா முடித்திருந்தது இரண்டு டப்பா. பீடியில் ஒன்றுகூடக் குறையவில்லை.

எனக்கு வந்த கோபம் மூலிகையின் மேல் அல்ல. சிறுவயதில் அம்மா சீட்டெழுதிக் கொடுத்தால், நாட்டு மருந்துக்கடைப் பெரியவர் சித்தரத்தையையும் அதிமதுரத்தையும் கண்ணெதிரே நிறுத்து, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எதைத் தேனில் குழைப்பது, எதைக் கஷாயம் வைப்பது என்று சொல்லி அனுப்புவார். வாங்கியது இன்னதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புகைப்பழக்கத்துக்கான சைட்டிசின் மாத்திரையும் செடியின் விதையிலிருந்து வருவதுதான். பல்கேரியாவில் 1964 முதல் விற்கப்படும் அது, நான் வாழும் இங்கிலாந்துக்கு 2024இல்தான் வந்தது. ஒரு மாத்திரையில் 1.5 மில்லிகிராம், 25 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. நான் 2016இல் வேரெனிக்ளின் மாத்திரையால் சிகரெட்டை விட்டபோது, லண்டன் செவிலியர் வாரந்தோறும் கருவியில் ஊதச் சொல்லி, மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற புகை நச்சு குறைவதைக் காட்டுவார். அந்த எண்ணைப் பார்ப்பதற்காகவே அடுத்த வாரமும் போவேன்.

அன்று மாலை மெடிக்கலில், பீடி ஏக்கத்தைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கம் கேட்டேன். கல்லாவுக்குப் பின்னால் நின்ற இளம்பெண் சித்தப்பாவைப் பார்த்து, "எழுந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி பிடிக்கிறீங்க ஐயா?" என்றார். லண்டனில் என்னிடம் முதலில் கேட்கப்பட்ட அதே கேள்வி! காபிக்கு முன்பே என்றதும், அரை மணிக்குள் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் வேண்டியிருக்கும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும், 2 மில்லிகிராம் மட்டுமே சீட்டில்லாமல் தரலாம் என்று மறுத்துவிட்டார். மறுநாள் சீட்டோடு போனபோது, வெற்றிலையைப் போல ஓயாமல் மெல்லக் கூடாது, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும், காபி குடித்துக் கால் மணி நேரமாவது கழித்தே வாயில் போட வேண்டும் என்று, பின்னால் வரிசை நின்றபோதும், நிதானமாகச் சொன்னார். அங்கேயே நின்று ஒன்றை மென்று காட்டிய சித்தப்பாவின் கன்னம் புடைத்திருந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் அதற்குப் பிறகு அவரை வாரந்தோறும் விசாரிக்க அங்கே ஆளில்லை. புகையிலையை விட வழிகாட்டும் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணை நாள்காட்டியில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் நானும் அழைக்கிறேன். போன வாரம் நாளொன்றுக்கு நான்கு பீடி என்றார், இந்த வாரம் இரண்டாம்.