டெல்லியிலிருந்து இறக்கிய ஜிடி கார்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

டெல்லி, குருகிராம் பக்கமிருந்து பழைய சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் இறக்கும் யோசனையில் இருப்பவர்கள் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஆர்சி சுத்தம், லோன் இல்லை, சிங்கிள் ஓனர், ஓடியதும் குறைவு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் முழுக்கப் பச்சை டிக். இத்தனையும் சரியாக இருந்த வண்டி, வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியாக இப்போது என் ஷெட்டில் நிற்கிறது.

வண்டி பென்ட்லி கான்டினென்டல் ஜிடி, 2013 மாடல், வி8. தயாரித்த கம்பெனி மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு லிட்டர் இன்ஜின், இரண்டு டர்போ, ஐந்நூறு குதிரைத்திறனுக்குக் குறையாது, நான்கு சக்கரத்துக்கும் இழுவை. எடை மட்டும் 2.3 டன் பக்கம். ஒரே சீராகப் போகும்போது எட்டு சிலிண்டரில் நான்கை அதுவாகவே அணைத்துக்கொள்ளும். கோவையிலிருந்து திருப்பூருக்குத் தினமும் போய் வருகிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவரைக் கழற்றித் துடைத்து வைக்கிற வண்டி வேண்டாம் என்று தோன்றியது. இந்த ஜிடி ரகமே நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டினாலும் இடுப்பு வலிக்காத மாதிரி செய்யப்பட்டது. ஏர் சஸ்பென்ஷன் இருப்பதால் ஸ்பீடு பிரேக்கருக்கு முன் ஒரு பட்டனைத் தட்டி வண்டியை உயர்த்திக்கொள்ளலாம். நீலாம்பூர் தாண்டி ஆறுவழிச் சாலையில் ஏறிவிட்டால் அந்தச் சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஊருக்குள் லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் கொடுக்கும். 90 லிட்டர் டேங்க். அது தெரிந்துதான் வாங்கினேன், அதைப் பற்றிப் புலம்ப வரவில்லை.

சென்னையில் இருக்கும் ஒரு ஏஜென்ட் மூலமாக டெல்லி டீலர் பழக்கமானார். கேட்ட விலை 62 லட்சம். இதே மாடல் வேறு இடங்களில் போகும் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டேன். “டெல்லில பழைய வண்டி ஓட்ட விடமாட்டாங்க சார், அதான் ஓனர் தள்ளிவிடறார்” என்றார் ஏஜென்ட். அந்தக் காரணத்தை நீங்களும் கேட்பீர்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். டெல்லியில் வயது வரம்பு என்று வைத்தது டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம். 2013 பெட்ரோல் வண்டிக்கு அந்த நெருக்கடி இன்னும் வரவில்லை. இதைச் சொன்னதும் ஏஜென்ட் தயங்கவே இல்லை. ஓனர் துபாய்க்குக் குடிபோகிறார், அவசரம் என்று கதையை மாற்றினார். வீடியோ அனுப்பினார், பழைய சர்வீஸ் பில் அனுப்பினார். நேரில் யாராவது பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதும், வண்டியைப் பரிசோதித்து ரிப்போர்ட் கொடுக்கும் ஆட்களை அவரே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று இணையத்தில் தேடி நானே வேறொரு குழுவை அமர்த்தினேன். அந்த டீலருக்கு அவர்கள் வாரா வாரம் ரிப்போர்ட் போட்டுக் கொடுப்பவர்கள் என்பது வழக்கு என்று வந்த பிறகுதான் தெரிந்தது. ரிப்போர்ட்டில் பெயின்ட் தடிமன் மைக்ரான் கணக்கில் இருந்தது, டயர் ஆழம் இருந்தது, நூற்றுக்கு மேல் படம் இருந்தது. தரைவிரிப்பைத் தூக்கி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

பணம் விஷயத்தில் இன்னொரு தூண்டில் போட்டார்கள். 14 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தால் இன்வாய்ஸில் 48 என்று போட்டுக்கொள்ளலாம், இரண்டு பேருக்கும் வரி மிச்சம் என்றார்கள். மறுத்துவிட்டேன். முழுத் தொகையும் வங்கி வழியாக ஆர்டிஜிஎஸ், என் சொந்தப் பெயரில். இப்போது என் கையில் இருக்கிற ஒரே பலம் அதுதான். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமானவரிச் சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் நீங்கள் கொடுத்ததாக நிரூபிக்க முடிகிற தொகைதான் கணக்கு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் விற்றவர் என்னிடம் பிடித்துக் கட்டிய 1 சதவீத வரி (டிசிஎஸ்) கூட என் வருமானவரிக் கணக்கின் 26ஏஎஸ் பட்டியலில் ஏறி, விற்றது யார் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது.

வண்டி கேரியரில் வந்து இறங்கியபோது உள்ளே ஒரே வாசனை. விலை உயர்ந்த தோல் வாசனை இல்லை, டாக்ஸியில் தொங்கவிடுவார்களே, அந்த சென்ட். ஓட்ட அருமையாக இருந்தது. சில வாரம் கழித்துத்தான் ஆரம்பித்தது. முதலில் டிரைவர் பக்கக் கதவுக் கண்ணாடி. இந்த வண்டியில் கதவுக்குச் சட்டம் கிடையாது, கைப்பிடியைத் தொட்டதும் கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கி வழிவிட வேண்டும். அது இறங்கவில்லை. அப்புறம் ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்து நிலைத்துவிட்டது. சீட் தானாகப் பின்னால் நகர ஆரம்பித்தது, அதுவும் ஹோப் காலேஜ் சிக்னலில், காலுக்கு பிரேக் எட்டாத அளவுக்கு! டிக்கியில் இரண்டு பேட்டரி உண்டு, ஒன்று ஸ்டார்ட் செய்ய, ஒன்று மற்ற மின்சாதனங்களுக்கு. காலையில் பார்த்தால் இரண்டாவது செத்துக் கிடக்கும். பேட்டரி புதிதாகப் போட்டேன், அதுவும் செத்தது. ஒருநாள் வண்டியே ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது, ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசர் வேலை செய்யவில்லை.

கோவையில் இந்த பிராண்டுக்கு சர்வீஸ் சென்டர் இல்லை. ஜெர்மன் வண்டிகள் பார்க்கிற ஒரு தனி ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். இந்த வண்டி ஃபோக்ஸ்வேகன் குழுமத்துடையது, ஃபேட்டன் காரோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்வது, அதனால் அவர்களுடைய கோளாறு காட்டும் ஸ்கேனர் இதையும் படிக்கும். அங்கிருந்த மெக்கானிக் ஸ்கேனரைக்கூட முதலில் எடுக்கவில்லை. டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார், கார்பெட்டின் ஒரு மூலையைக் கிழிக்காமல் தூக்கினார், அடியிலிருந்த ஸ்பாஞ்சை விரலால் அழுத்தினார். தண்ணீர் வந்தது.

“ஏனுங்ண்ணா, வண்டி தண்ணி குடிச்சிருக்குதுங்களே” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, அதன் மேல் கறுப்பு ஸ்பிரே. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால், கடைசி ஒரு சாண் நீளத்தில் மண் நிறக் கோடு. மேல்பக்கம் கார்பெட் புதிது, அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் பழையது. தரையின் நடுவில் மேடாக ஓடும் டனலுக்குப் பக்கத்தில் கனெக்டர்களைப் பிரித்தால் பின்கள் பச்சை பூத்திருந்தன. இந்த மாதிரி கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவும் சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழேயும்தான் ஒளிந்திருக்கும். தண்ணீர் சீட் உயரம் வந்தால் போதும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும். ஆனால் அந்த ஒயர், பின்களின் தாமிரம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். காயவைத்து, கோடுகளை அழித்து விற்றால், வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே ஒரு வருடம் ஆகலாம். தினமும் ஓட்டியதால் எனக்குச் சீக்கிரம் தெரிந்தது.

பிறகு ஸ்கேனர் போட்டார். அதில் ஒரு விஷயம் எல்லோருக்கும் உதவும். பிழைக் குறியீடுகளைக் கடைசியாக அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கும். என் வண்டியில் அது நான் ஓட்டிய தூரத்தைவிடச் சில கிலோமீட்டர்தான் கூட. கேரியரில் ஏற்றுவதற்குச் சற்று முன் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆன்லைனில் சொற்ப விலைக்குக் கிடைக்கிற, வண்டியில் செருகிப் பிழை படிக்கும் ஓபிடி கருவியே இதைக் காட்டும். அழித்து நாளாகாத வண்டியில் புகைச் சோதனை மானிட்டர்களும் ‘தயாராகவில்லை’ என்று நிற்கும். விற்பவர் கருவியைச் செருக விடவில்லை என்றால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

ஆர்சி எப்படிச் சுத்தமாக இருந்தது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாகன் என்ற அரசு இணையதளத்தில் ஓனர் எத்தனையாவது ஆள், லோன் உண்டா, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்பதெல்லாம் வரும். வெள்ளத்தில் மூழ்கி க்ளெய்ம் வாங்கியது வராது. ரிப்பேர் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஓனருக்குப் பணம் போய்விடும், வண்டி இருக்கிற நிலையில் ஏலத்துக்குப் போகும். பயன்படுத்தவே முடியாமல் அழிந்த வண்டி என்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. ஏலம் எடுத்தவர் ‘இது ரிப்பேர் ஆகிற வண்டிதானே’ என்று சொல்லி ஆர்சியை உயிரோடு வைத்துக்கொள்கிறார். என் வண்டியின் பழைய முகவரி டெல்லி சிவில் லைன்ஸ் பக்கம். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் தொட்டு, 1978-இன் உச்சத்தையும் தாண்டி, அந்தப் பகுதிக்குள் புகுந்தது. என் வண்டி மூழ்கியது அப்போதா, வேறெங்காவது பேஸ்மென்ட்டிலா என்று ஆணையம்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று, சென்னையில் மூழ்கிய வண்டியைச் சென்னையில் யாரும் விற்க மாட்டார்கள், மிக்ஜாம் புயல் சமயத்தில் மூழ்கியவை எந்த ஊரில் ஓடுகின்றனவோ.

க்ளெய்ம் இருந்ததா என்று பிடிக்க எளிய வழி பழைய பாலிசிகள். நடப்பு பாலிசி மட்டும் போதாது, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருடத்துடையதையும் கேளுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறுவது அது. ஏறிக்கொண்டே வந்து திடீரென்று பூஜ்யம் ஆனால், க்ளெய்ம் எடுத்திருக்கிறார்கள், அல்லது 90 நாளுக்கு மேல் பாலிசி இல்லாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது கை மாறியிருக்கிறது. எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு பாலிசி. முந்தையதைக் கேட்டதற்கு ஓனர் வீட்டில் தேடுகிறார் என்றார்கள். தேடிக்கொண்டே இருக்கிறார்.

டீலரிடம் படங்களோடு பேசியபோது அவர் சொன்ன பதிலை அப்படியே மறக்க முடியவில்லை. இது வாரக்கடைசிக்கு வெளியே எடுக்கிற வண்டி, தினமும் ஆபீஸுக்கு ஓட்டினால் இப்படித்தான் ஆகும், கோவையில் மழைத் தண்ணீரில் நீங்களே இறக்கியிருப்பீர்கள் என்றார். இந்த ‘தினமும் ஓட்டினீர்களே’ வாதத்தை எதிர்பார்த்தே இருங்கள், எல்லா டீலரும் அதைத்தான் எடுப்பார்கள். சென்னை ஏஜென்ட்டோ, “நான் நடுவுல இருக்கறவன் சார், என்னை எதுக்கு இழுக்கறீங்க” என்று போனை வைத்துவிட்டார். கமிஷன் வாங்கும்போது நடுவில் இல்லை.

ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். தெரிந்தே மறைத்ததற்கு அந்த வரி கவசமாகாது என்பது எங்கள் வக்கீலின் வாதம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சத்தைத் தாண்டியதால் மாவட்ட ஆணையம் இல்லை, மாநில ஆணையம். அவர்கள் சொன்ன 48-க்கு இன்வாய்ஸ் வாங்கியிருந்தால் வழக்கே 48-க்குத்தான் நடந்திருக்கும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் இழுக்க முடியாது. கம்பெனி பெயரில் வண்டி எடுப்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: வணிக நோக்கத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை என்று அந்தப் பக்கம் முதல் வாதமாக வைக்கும்.

மறுபதிவுக்கு இன்னும் போகவில்லை. டெல்லி ஆர்டிஓவின் என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும், அது தனிக் காசு. புது வண்டிக்கு 20 லட்சத்துக்கு மேல் என்றால் 20 சதவீதம், பழையதற்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் புதிதில் கோடிக்கு மேல் விற்ற வண்டிக்கு அது சில்லறை இல்லை. மலிவாக வருகிறதே என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போடுங்கள்.

போன மாதம் டீலர் தரப்பிலிருந்து தூது வந்தது. வழக்கை வாபஸ் வாங்கினால் 35 லட்சத்துக்கு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம், இணையத்தில் இதைப் பற்றிப் பதிவு எதுவும் போடக்கூடாதாம். எடுத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அது எங்கள் தொழில், உங்களுக்கு எதற்கு என்றார் பேசியவர். சம்மதிக்கவில்லை. ஆணையம் அனுப்பும் நிபுணர் பார்க்கும் வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருப்பதால் ரிப்பேரும் இல்லை. திருப்பூருக்கு இப்போது பழைய இன்னோவாவில்தான் போய் வருகிறேன்.