முதுகைக் காட்டிச் சூரியனைப் பார்ப்பது: கிரகணக் கண்ணாடியா, பந்துக் கண்ணாடியா?

பிள்ளைகளுக்குச் சூரியனைக் காட்டுவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. கறுப்பு வடிகட்டி ஒட்டிய கிரகணக் கண்ணாடியைக் கொடுத்து நேரே பார்க்கச் சொல்வது ஒன்று. சூரியனைப் பார்க்கவே விடாமல், அதன் பிம்பத்தைத் தாளிலோ சுவரிலோ விழச்செய்து காட்டுவது மற்றொன்று. சென்னையில் பள்ளி வராந்தாக்களிலும் மொட்டைமாடிகளிலும் பிள்ளைகளோடு இரண்டையும் செய்துபார்த்தவன் என்ற முறையில், பாதுகாப்பிலும் கற்றலிலும் முதலிடத்தை இரண்டாம் பாதைக்கே, அதிலும் குறிப்பாக, பந்தில் ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியால் சூரியனின் பிம்பத்தைச் சுவரில் விழச்செய்யும் பந்துக் கண்ணாடிக்கே தருவேன்.

விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் கிடையாது. ஆகவே, சூரிய ஒளி அதைச் சுட்டாலும் பிள்ளைக்கு அந்த நொடியில் எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் மங்கல் தெரியத் தொடங்கும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் விழி லென்ஸ் தெளிவானது என்பதால் உள்ளே போகும் ஒளியும் அவர்களுக்குக் கூடுதல்.

ஒப்பீட்டுக்குப் போகுமுன், நம் வீடுகளில் இன்னும் வழக்கில் உள்ள ஒரு முறையை விலக்கியாக வேண்டும். தாம்பாளத்தில் மஞ்சள் நீர் ஊற்றி அதில் கிரகணத்தைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் பாட்டிமார் அதைச் செய்கிறார்கள். ஆனால், நீரின் மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் குறைந்தது 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. மஞ்சள் அதைத் துளியும் குறைப்பதில்லை. தரமான கிரகணக் கண்ணாடி உள்ளே விடும் ஒளியோ அதிகபட்சம் 0.0032 சதவீதம். தாம்பாளத்தைக் குனிந்து பார்க்கும் பிள்ளையின் கண்ணில் அதைப்போல் 600 மடங்குக்கும் மேலான ஒளி விழுகிறது. எக்ஸ்ரே படமும் கூலிங் கிளாஸும் அதே காரணத்தால் ஆகாதவை.

கிரகணக் கண்ணாடியின் பலம் அதன் நேரடித்தன்மை. ‘ஐஎஸ்ஓ 12312-2’ என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரத்தை உண்மையிலேயே நிறைவுசெய்யும், கீறலோ மடிப்போ இல்லாத கண்ணாடியாக இருந்தால், பிள்ளை தன் கண்ணாலேயே சூரியனை ஒரு சிறு வட்டமாகக் காண்கிறது. அந்த வியப்பை வேறு எதுவும் தருவதில்லை. 2024 மே மாதத்தில் பூமியைப்போல் சுமார் 15 மடங்கு அகலமுள்ள கரும்புள்ளிக் கூட்டம் சூரியனில் தோன்றியபோது, தொலைநோக்கி எதுவும் இல்லாமல் இந்தக் கண்ணாடியிலேயே அது தெரிந்தது. பலவீனம் கண்ணாடியில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. பெரியவர் முகத்துக்கு வெட்டிய காகிதச் சட்டம் ஆறு வயதுப் பிள்ளையின் காதில் நிற்பதில்லை. மூக்கில் வழுக்கி இறங்கும்போது பிள்ளை மேல் விளிம்பு வழியாக எட்டிப் பார்த்துவிடும். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று எங்கள் மொட்டைமாடியில் இதை நேரில் பார்த்துப் பதறினேன். அன்றுமுதல், காகிதச் சாப்பாட்டுத் தட்டின் நடுவில் கண்ணாடியின் அளவுக்கு வெட்டி, அதைப் பின்பக்கமிருந்து பொருத்தி, முகம் முழுவதும் மறையும்படி ஒட்டித்தான் பிள்ளைகளுக்குத் தருகிறேன். பிள்ளை தரையைப் பார்த்தபடி அதை முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகே தலையை நிமிர்த்த வேண்டும்.

பிம்பத்தை விழச்செய்யும் முறைகளில் எளியது, பெட்டியில் ஊசியால் துளையிட்டு ஒளியை உள்ளே விடும் ஊசித்துளை. அதில் ஆபத்து இல்லை, ஆனால் பிம்பம் மிகச் சிறியது. முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள செருப்புப் பெட்டியில் விழும் சூரியன் கடுகைவிடச் சற்றே பெரியதாக இருக்கும். கிரகண நாளில் புங்க மரத்தடியில் இலை இடுக்குகள் வழியே நூற்றுக்கணக்கான பிறைகள் விழுவதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. மற்ற நாட்களில் பிள்ளைகளின் கவனம் இரண்டு நிமிடத்தில் கலைந்துவிடுகிறது.

பந்துக் கண்ணாடி அந்தக் குறையைத் தீர்க்கிறது. ரப்பர் பந்தைக் கீறி மணல் நிரப்பி, முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை அதில் ஒட்டி, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு முக்கோணத் துளை வெட்டிய கறுப்புத் தாளால் கண்ணாடியை மூடி, பந்தை ஓர் எவர்சில்வர் டம்ளரின் வாயில் உட்கார வைத்தால் கருவி தயார். பந்தை எந்தப் பக்கமும் திருப்பலாம். விட்ட இடத்தில் நிற்கும். காலை எட்டரை மணி வெயிலை இதில் பிடித்து, இருபது மீட்டர் தள்ளி இருட்டாக்கிய வகுப்பறைச் சுவருக்கு அனுப்பினால், ஓர் ஊத்தப்பத்தின் அகலத்துக்குச் சூரியன் அங்கே வந்து நிற்கும்.

அதன்பின் கேள்விகள் பிள்ளைகளிடமிருந்தே வருகின்றன. துளை முக்கோணமாக இருக்க, சுவரில் மட்டும் ஏன் வட்டம்? கண்ணாடிக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்தால் முக்கோணம்; தாளோடு விலகிப் போகப் போக மூலைகள் கரைந்து வட்டமாகிறது. அந்த வட்டம் துளையின் வடிவம் இல்லை, சூரியனின் வடிவம் என்பதைப் பிள்ளைகள் சொல்லித்தராமலே கண்டுகொள்கிறார்கள். வட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொன்னால், ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் ஒளி முழுவதும் கோட்டைவிட்டு வெளியேறிவிடும். பூமி சுழல்வதைச் சுவரிலேயே பார்க்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் அளவெடுக்கச் சொல்லலாம். இருபது மீட்டருக்குச் சுமார் பதினெட்டரை சென்டிமீட்டர் என்றால் விகிதம் 108. சூரியனின் தூரமான 15 கோடி கிலோமீட்டரை 108-ஆல் வகுத்தால் அதன் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர் என்று விடை வரும். கிரகணக் கண்ணாடியால் இந்தக் கணக்கைத் தர முடியாது.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. சுவரருகே நிற்கும் பிள்ளை திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தால், நேரே சூரியனைப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனவே டம்ளரை உயரமான மேசைமேல் வைத்து, ஒளி பிள்ளைகளின் தலைக்கு மேலே போகும்படி செய்து, பாதையின் இருபுறமும் கயிறு கட்டிவிட வேண்டும்.

கரும்புள்ளிகளை வரைந்து பழக வேண்டும் என்றால் மட்டும், தொலைநோக்கி வழியாகத் தாளில் விழச்செய்யும் பிம்பம் தேவை. சிறு துளையின் வழி வரும் பிம்பத்தில் மிகப் பெரியவைகூட மங்கலாகவே தெரியும். ஆனால், தொலைநோக்கியின் கண்ணருகு லென்ஸிலிருந்து வெளியேறும் ஒளி தாளையே புகைய வைக்கும். ஒரு நொடி அங்கே கண்ணை வைத்த பிள்ளைக்குப் பார்வை போய்விடலாம். குறிபார்ப்பதற்காக அதன்மேல் பொருத்தியிருக்கும் சிறு தேடு தொலைநோக்கியின் மூடியையும் கழற்றவே கூடாது. பெரியவர் ஒருவர் கருவியைத் தொட்டபடியே நிற்க முடியாத இடத்தில் இதை எடுக்கவே வேண்டாம் என்பேன்.

என் வரிசை இதுதான்: ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வானம் தெளிந்த காலை வேளைகளில், முதலில் பந்துக் கண்ணாடி. சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு உறுதியான பிறகு, தட்டில் ஒட்டிய கிரகணக் கண்ணாடியை ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் தருகிறேன். சுவரில் தாங்கள் அளந்த வட்டத்தை அப்போது வானத்தில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.